ஆவாரங்கோட்டைச் சந்தைக்கு வாசல் வைத்த கதை

ஆவாரங்கோட்டை சின்ன ஊர். பேருந்தில் போகும்போது தும்மினால், தும்மி முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் ஊர் தாண்டியிருக்கும். ஆனால் அதன் பேரூராட்சி மன்றம் பெரிய மன்றம். தினமும் கூடும். பேச விஷயம் இல்லாத நாளில், பேச விஷயம் ஏன் இல்லை என்பதைப் பற்றிப் பேசும்.

மன்றத் தலைவர் பரஞ்சோதி தங்கமான மனுஷர். யாராவது "உட்காருங்க" என்று சொன்னால், பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்துவிடுவார். அவ்வளவு மரியாதை. துணைத் தலைவர் அம்புஜவல்லி கணக்கில் புலி என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரை அவருக்குக் கொடுத்ததும் அவர்தான். உறுப்பினர் கோட்டைச்சாமி எதையும் முதலில் ஆதரித்துவிட்டு, பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். இன்னொரு உறுப்பினர் மரியசெல்வம் யோசனைக்காரர். கூட்டம் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அது யோசனையா தூக்கமா என்று மன்றத்தில் பலமுறை விவாதம் வந்து, முடிவு எட்டாமல் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஊருக்குப் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமைச் சந்தை. ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டல். நாலு பக்கமும் திறந்த வெளி. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் அங்கே வந்து கத்திரிக்காயும் கருவாடும் வெள்ளாட்டுக் குட்டியும் வாங்கிக்கொண்டு போகும்.

ஒரு சித்திரை மாதம் மேலிடத்திலிருந்து தில்லைநாயகி என்ற அதிகாரி வந்தார். பார்த்தார். கேட்டார்.

"இவ்வளவு பெரிய சந்தை நடக்குது. இதுல பேரூராட்சிக்கு என்ன வருமானம்?"

"நல்ல பேர் வருதுங்க மேடம்" என்றார் பரஞ்சோதி.

தில்லைநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். பரஞ்சோதி அப்படியேதான் தெரிந்தார்.

"இங்க பாருங்க. சந்தைக்கு ஒரு வாசல் வையுங்க. வாசல்ல ஒரு ஆளைப் போடுங்க. தலைக்குப் பத்து ரூபாய் கட்டணம். காசு கொடுக்காம ஒரு ஈ, காக்கா அந்த வாசல் வழியா நுழையக் கூடாது. ஆனி மாசக் கடைசிப் புதன்கிழமை திரும்பி வருவேன். சந்தையில வந்த லாபம்னு ஒரு ரூபாயாவது எடுத்து என் கையில காட்டணும். இல்லைன்னா சந்தையைத் தாழைமேட்டுக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டுடுவேன். அவங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க."

பரஞ்சோதி பதறிப்போனார். பதறமாட்டாரா? தாழைமேடு என்ன சாதாரண ஊரா? அவருடைய மகளைக் கட்டிக் கொடுத்த ஊர். அந்த ஊர் பேரூராட்சித் தலைவர் அழகர்சாமிதான் அவருக்குச் சம்பந்தி. ஒவ்வொரு தீபாவளிக்கும் சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டு இருக்கு சம்பந்தி. உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்பார். "எங்க ஊர்ல சந்தை இருக்கு சம்பந்தி" என்று இவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பரஞ்சோதி மகள் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சந்தையும் போய்விட்டால், தீபாவளிக்கு அங்கே போய் வாயைத் திறக்க முடியாது. பலகாரம் சாப்பிடக்கூடத் திறக்க முடியாது.

அன்றைக்கே மன்றம் கூடியது.

"வாசல் வைக்கணும்" என்றார் பரஞ்சோதி.

"ஆதரிக்கிறேன்" என்றார் கோட்டைச்சாமி. "எதுக்கு?"

காரணம் சொல்லப்பட்டது. அம்புஜவல்லி கையிருப்பைக் கணக்குப் பார்த்து, வாசல் வைக்கப் பணம் இருக்கிறது, சுற்றிச் சுவர் கட்டத்தான் பணம் இல்லை என்றார்.

மரியசெல்வம் ஒரு கண்ணைத் திறந்தார். "சுவர் எதுக்கு அக்கா? மேடம் சுவர்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

எல்லோரும் ஞாபகப்படுத்திப் பார்த்தார்கள். சொல்லவில்லை.

"சுவர்ல யாரும் நுழையப் போறதில்லை. வாசல்லதான் நுழைவாங்க. நுழையாத இடத்துக்குச் செலவு பண்றது ஊதாரித்தனம்."

மேசையைத் தட்டி வரவேற்றார்கள். அப்படியாக, அந்தப் பொட்டலின் மேற்கு ஓரத்தில், இரண்டு தூணும் இரட்டைக் கதவும் பெயர்ப்பலகையும் வைத்து ஒரு பெரிய இரும்பு வாசல் தன்னந்தனியாக எழுந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. காவலுக்குக் காத்தமுத்து என்ற ஆளைப் போட்டார்கள். அவர் கையில் ஒரு சீட்டுக்கட்டு, ஒரு விசில். ஈக்கு ஒரு விசிறி, காக்கைக்கு ஒரு கம்பு.

முதல் புதன்கிழமை. கூட்டம் வந்தது. முன்னால் வந்தவர் கருவாட்டுக் கூடையோடு வந்த ராக்கு. வாசலைப் பார்த்து நின்றார்.

"இது என்னய்யா புதுசா?"

"வாசல். இது வழியா போனா பத்து ரூபாய்" என்றார் காத்தமுத்து.

"இது வழியா போகலைன்னா?"

காத்தமுத்துவுக்கு அதைப் பற்றி உத்தரவு வரவில்லை. விசிலை எடுத்து ஊதி, சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்த மன்றத்தைக் கூப்பிட்டார். மன்றம் அங்கேயே கூடிப் பேசியது. வாசல் வழியாகப் போகாதவரிடம் வாசல் கட்டணம் கேட்பது அநியாயம் என்று ஏகமனதாக முடிவானது.

"போகலைன்னா காசு இல்லைம்மா" என்றார் பரஞ்சோதி.

ராக்கு கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு, தூணைச் சுற்றி நாலடி நடந்து சந்தைக்குள் போனார். அவர் பின்னாலேயே ஊரும் போனது. ஆடு போனது, மாடு போனது, பனங்கிழங்கு ஏற்றிய சைக்கிள் போனது. பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்துக்கொண்டே போனார். வாசல் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. காத்தமுத்து மட்டும் ஒரு காக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது கதவின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று கடைசிவரை சொல்லவில்லை.

சாயந்தரம் பரஞ்சோதி கேட்டார்: "காத்தமுத்து, காசு கொடுக்காம யாராவது வாசல் வழியா நுழைஞ்சாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லைங்க தலைவரே."

"ஈ?"

"விசிறிட்டேன்."

மன்றத்துக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டத்தை இவ்வளவு மதிக்கிற ஜனம் வேறு எந்த ஊரில் இருக்கும்? பொதுமக்களுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டு, எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

வடையைத் தின்று முடித்த பிறகுதான் அம்புஜவல்லி கணக்கை எடுத்தார். முகம் மாறியது.

"தலைவரே, நஷ்டம்."

"எவ்வளவு?"

"இன்னைக்குச் சந்தைக்கு ஆயிரம் பேர் வந்தாங்க. ஒருத்தரும் பத்து ரூபாய் தரலை. அப்ப பத்தாயிரம் ரூபாய் நஷ்டம்."

பரஞ்சோதிக்கு மீசையைத் தடவுகிற சம்பந்தி கண்ணுக்கு முன்னால் வந்து போனார். "ஐயையோ! இதை எப்படிக் குறைக்கிறது?"

அம்புஜவல்லி விரலை மடக்கினார், நீட்டினார். "கட்டணம் பத்து ரூபாயா இருக்கிறதாலதான் பத்தாயிரம் நஷ்டம். அஞ்சாக் குறைச்சா நஷ்டம் அஞ்சாயிரம்தான்."

கணக்கில் புலி என்று இவர் தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்டது தப்பில்லை என்று அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை கட்டணம் ஐந்து ரூபாய். ஆயிரம் பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். நஷ்டம் பாதியாகக் குறைந்தது. வடை வாங்கிக் கொண்டாடினார்கள். அதற்கடுத்த வாரம் கட்டணம் ஒரு ரூபாய். நஷ்டம் வெறும் ஆயிரம். அன்றைக்கு வடையோடு கேசரியும் வந்தது.

"இந்த வேகத்துல போனா, அடுத்த வாரம் கட்டணமே இல்லைன்னு சொல்லிடலாம். நஷ்டமும் இருக்காது" என்றார் அம்புஜவல்லி.

"நஷ்டம் இல்லைன்னா மட்டும் போதுமா?" பரஞ்சோதி கவலைப்பட்டார். "மேடம் லாபம்ல கேக்குறாங்க. ஒரு ரூபாயாவது கையில காட்டணுமே. ஆனி பிறந்தாச்சு."

அப்போது மரியசெல்வம் இரண்டு கண்ணையும் திறந்தார். அவர் இரண்டு கண்ணையும் திறந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"ஏன் பூஜ்யத்தோட நிக்கணும்? பத்து, அஞ்சு, ஒண்ணுன்னு படி இறங்கி வந்துக்கிட்டு இருக்கோம். தரை வந்ததும் நின்னுடணும்னு சட்டமா? கிணத்துக்குள்ள படி இல்லையா? இன்னும் ஒரு படி கீழ இறங்குவோம். பூஜ்யத்துக்குக் கீழ ஒரு ரூபாய்."

"ஆதரிக்கிறேன்" என்றார் கோட்டைச்சாமி. "அப்படின்னா?"

"வாசல் வழியா வர்ற ஒவ்வொருத்தருக்கும் நாம ஒரு ரூபாய் கொடுக்கிறது."

அம்புஜவல்லி விரல்களை மடக்கினார். மடக்க மடக்க முகம் மலர்ந்தது. "சரிதான்! கட்டணம் குறையக் குறைய நஷ்டம் குறையுது. பூஜ்யத்துல நஷ்டம் தீந்துடும். அதுக்கும் கீழ போனா லாபம்தானே வரும்? வேற என்ன வரும்?"

வேறு எதுவும் வர வழியில்லை என்று மன்றம் ஒப்புக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை வாசலில் ஜே ஜே என்று கூட்டம். அதுவரை வாசலை ஏறெடுத்துப் பார்க்காத ஜனம் விடியற்காலையிலேயே வரிசை கட்டி நின்றது. காத்தமுத்து ஒவ்வொருவராக உள்ளே விட்டு, ஒவ்வொரு ரூபாயாகக் கொடுத்தார். உள்ளே போனவர்கள் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ராக்கு அன்றைக்குக் கருவாட்டுக் கூடையையே கீழே இறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தார்.

மத்தியானத்துக்குள் பணப்பை காலி.

"ஒரே முகம் திரும்பத் திரும்ப வருதுங்க தலைவரே" என்றார் காத்தமுத்து.

மன்றம் கூடியது. கண்ட பக்கம் எல்லாம் வெளியே போவதால்தானே சுற்றி வருகிறார்கள்? உடனே புதுச்சட்டம் போட்டார்கள். 'வாசல் வழியாக உள்ளே வந்தவர் வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மீறினால் அபராதம்.' சட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஜனங்கள் தூணைச் சுற்றுவதை விட்டுவிட்டு, வாசல் வழியாகவே வெளியே வந்து வாசல் வழியாகவே உள்ளே போய் ரூபாய் வாங்கினார்கள். நடை மிச்சம்.

அடுத்த வாரத்துக்குப் பணம் வேண்டுமே? மன்ற அறையில் இருந்த மின்விசிறியை விற்றார்கள். பிறகு மேசையை விற்றார்கள். கடைசியில் நாற்காலிகளையும் விற்றுவிட்டு நின்றுகொண்டே கூட்டம் நடத்தினார்கள். நாற்காலி போனதைப் பரஞ்சோதிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவரிடம் யாரோ "உட்காருங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தார்கள். இடுப்பில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்.

"அம்புஜம், லாபம் வருதா?"

"நல்லா வந்துக்கிட்டு இருக்கு தலைவரே."

"பின்ன கையில ஒண்ணும் இல்லையே?"

"லாபம் வந்துக்கிட்டு இருக்கு. பணம்தான் போய்க்கிட்டு இருக்கு. ரெண்டும் வேற வேற" என்றார் அம்புஜவல்லி.

பரஞ்சோதி தலையை ஆட்டினார். ஆனால் மேடம் வரப்போவது வருகிற புதன்கிழமை. கையில் ஒரு ரூபாய் காட்ட வேண்டும். லாபம் எவ்வளவு வந்தாலும் அதைக் கையில் பிடித்துக் காட்டுவது எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் தாழைமேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் சம்பந்தி அழகர்சாமி வந்து இறங்கினார். சந்தை தன் ஊருக்கு வரப் போகிறதே, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், வாசலில் நின்ற வரிசையைப் பார்த்ததும் மீசையைத் தடவப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்ன சம்பந்தி இது! கட்டண வாசல்னு கேள்விப்பட்டேன். அதுல இவ்வளவு கூட்டமா?"

"ஆமா சம்பந்தி. விடிஞ்சதுலேருந்து இப்படித்தான். சமாளிக்க முடியலை" என்றார் பரஞ்சோதி. பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"ரூபாய் கை மாறுதே!"

"மாறிக்கிட்டே இருக்கு சம்பந்தி. காத்தமுத்துக்கு விரல் தேஞ்சு போச்சு."

எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்று சம்பந்தி கேட்கவில்லை. கேட்காததை இவரும் சொல்லவில்லை. அழகர்சாமி வாசலை ஒரு சுற்று சுற்றி வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். பரஞ்சோதியை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு காதாக, "சம்பந்தி, இந்த வாசலை எங்க ஊருக்குக் கொடுங்க. பதினைஞ்சாயிரம் தர்றேன்" என்றார்.

பரஞ்சோதிக்குப் பேச்சு வரவில்லை. சம்பந்தி அதைத் தயக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, இருபது."

கோட்டைச்சாமி குறுக்கே வந்தார். "அண்ணே, மனசாட்சி வேணும். இதுல எத்தனை ஜனம் போயிருக்கு, வந்திருக்கு? பழைய வாசல். பத்தாயிரம் போதும்."

"நான் ஒரு ஊருக்குத் தலைவர். என்னை மட்டமா நினைச்சுட்டீங்களா?" அழகர்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்தஞ்சு! அதுக்குக் கீழ ஒரு பைசா தர மாட்டேன்!"

"பாவம், சொந்தக்காரர். விட்டுக் கொடுங்க" என்று அம்புஜவல்லி சமாதானம் செய்தார். பரஞ்சோதி விட்டுக் கொடுத்தார். இருபத்தைந்தாயிரம் ரூபாய் கைக்கு வந்தது.

மத்தியானம் தில்லைநாயகியின் ஜீப் வந்தது. அவர் இறங்கி வாசல் வழியாக உள்ளே நடந்து வந்தார். சந்தைக்கு நடுவே புளிய மரத்தடியில் மன்றம் நின்று வரவேற்றது. மேசை இல்லாததால், ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பரஞ்சோதி பணக்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார்.

"லாபமா? சந்தையில வந்ததா?"

"இந்தச் சந்தையிலதான் மேடம். அதோ அந்த இடத்துல நின்னுதான் வாங்குனேன்."

தில்லைநாயகிக்கு நம்ப முடியவில்லை. ஆனாலும் சந்தோஷம். சந்தை ஆவாரங்கோட்டைக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பரஞ்சோதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீபாவளிக்கு இனி வாயைத் திறக்கலாம்.

முத்திரை காய்வதற்குள் பின்னால் ஒரு சத்தம். தாழைமேட்டு டிராக்டர் ஒன்று வாசலைத் தூணோடு பிடுங்கி ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அது... அந்த வாசல் எங்க போகுது?" என்றார் தில்லைநாயகி.

"அதை வித்துத்தான் மேடம் லாபம் வந்துச்சு."

தில்லைநாயகி முத்திரையைப் பார்த்தார். பரஞ்சோதியைப் பார்த்தார். கையெழுத்தை அடிக்க வேண்டுமானால் இதே ஊருக்கு இன்னொரு முறை வந்து, இதே ஆட்களோடு முதலிலிருந்து பேச வேண்டும். அதை நினைத்தபோது அவருக்குக் கிறுகிறுவென்று வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பொட்டலின் குறுக்கே நேராக நடந்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா!" கோட்டைச்சாமி பதறினார். "வாசல் வழியா வந்தவங்க, வாசல் வழியா போகலை!"

"பெரிய அதிகாரி. அவங்களுக்கு நம்ம சட்டம் தெரியாது. விடு" என்றார் பரஞ்சோதி. "வாங்க, நாம வீட்டுக்குப் போவோம்."

நாலடி நடந்தார்கள். நின்றார்கள். நால்வரும் காத்தமுத்துவும் காலையில் வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள். வாசல் இப்போது தாழைமேட்டில் இருக்கிறது.

"அப்ப நாம வெளியே போறது எப்படி?" என்றார் காத்தமுத்து.

சந்தை கலைந்தது. ஜனங்கள் நாலு பக்கமும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். மன்றம் மட்டும் அந்தத் திறந்த பொட்டலில் அடைபட்டுக் கிடந்தது. பொழுது சாயும் நேரத்துக்குப் பரஞ்சோதியின் மனைவி அன்னபாக்கியம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பண்றீங்க இங்க? வீட்டுக்கு வராம?"

"வர முடியலை. வாசல் இல்லை."

அன்னபாக்கியம் சுற்றிலும் பார்த்தார். காற்று வீசிக்கொண்டிருந்தது. "இப்படியே நடந்து வாங்களேன்."

"சட்டம் போட்ட நாங்களே மீறினா, ஊர் எங்களைப் பத்தி என்ன நினைக்கும்?"

"இப்ப மட்டும் என்ன நினைக்குதாம்?" என்று தூக்குவாளியை வைத்துவிட்டு அவர் வந்த வழியே போய்விட்டார். அவர் வாசல் வழியாக வராதவர். அவருக்கு அந்த வசதி இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பரஞ்சோதி சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, அந்த வாசலை அஞ்சு நிமிஷம் கொடுத்து வாங்குங்களேன். வெளியே வந்துட்டுத் தந்துடுறோம்."

அழகர்சாமி இதைப் போல ஒன்றை அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் சம்பந்தி முறை, மறுக்க முடியாது. டிராக்டர் திரும்பி வந்தது. டிரைவருக்கு அவசரம். வாசலை இறக்கி, இருந்த குழியிலேயே நட்டு, "சீக்கிரம் வாங்கய்யா" என்றான். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த மரியசெல்வம் திரும்பி வாசலைப் பார்த்தார். இரண்டு கண்ணும் திறந்தன.

"தலைவரே, ஒரு நிமிஷம். பெயர்ப்பலகை எந்தப் பக்கம் இருக்கு?"

டிரைவர் வாசலைத் திருப்பி நட்டிருந்தான். பலகை பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பலகை இருக்கிற பக்கம் நின்னு அந்தப் பக்கம் போனா, அதுக்கு என்ன பேரு? உள்ளே போறது. நாம இப்ப பலகையைப் படிச்சுட்டுத்தானே வந்தோம்? அப்ப நாம வெளியே வரலை. உள்ளே வந்திருக்கோம்."

பரஞ்சோதி மெதுவாகத் திரும்பி ஊரைப் பார்த்தார். "அப்ப இது..."

"சந்தை. இந்தத் தெரு, கோயில், உங்க வீடு எல்லாம் இப்ப சந்தைக்கு உள்ளே இருக்கு."

"ஆதரிக்கிறேன்" என்றார் கோட்டைச்சாமி. "தாழைமேடு?"

மரியசெல்வம் மேற்கே பார்த்தார். வாசலிலிருந்து நேராகப் போனால் தாழைமேடுதான். "அதுவும் உள்ளேதான்."

பரஞ்சோதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உடனே மறுபடியும் போன் போட்டார். "சம்பந்தி, சந்தையை உங்க ஊருக்கு மாத்தணும்னு கேட்டீங்கல்ல? இனி கவலையே படாதீங்க. உங்க ஊரே எங்க சந்தைக்குள்ளதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டோட."

அழகர்சாமி போனை வைத்தார். பிறகு, மருமகளைக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார் என்று கேள்வி.

மறுநாள் மன்றம் கூடி, கட்டணம் பழையபடி தலைக்குப் பத்து ரூபாய் என்று தீர்மானம் போட்டது. புதன்கிழமை காலையில் காத்தமுத்து சீட்டுக்கட்டோடு வீடு வீடாகப் போனார்.

"சந்தைக்குள்ள இருக்கீங்க. பத்து ரூபாய் கொடுங்க."

"கொடுக்கலைன்னா?" என்று தன் வீட்டு வாசலில் நின்று கேட்டார் ராக்கு.

"வெளியே போயிடணும்."

ராக்கு கருவாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியே என்று மிச்சம் இருந்த ஒரே இடம் கிழக்கே இருந்த அந்தப் பொட்டல்தான். அவர் பின்னாலேயே ஊரும் போனது. ஆடு போனது, மாடு போனது, பனங்கிழங்கு சைக்கிள் போனது. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் வந்து சேர்ந்துகொண்டது.

மன்றம் தெருத் தெருவாகச் சந்தையைத் தேடியது. ஒரு கத்திரிக்காய்கூடக் கண்ணில் படவில்லை. நடந்து நடந்து களைத்துப்போய், மத்தியான வெயிலில் பொட்டலின் ஓரத்துக்கு வந்து நின்றார்கள். அங்கே விலை கேட்கிற சத்தமும் பேரம் பேசுகிற சத்தமும் காதைப் பிளந்தன. நிற்க இடமில்லாத கூட்டம்.

"பாவம்" என்றார் பரஞ்சோதி. "கட்டணம் கொடுக்க வசதியில்லாத ஜனங்க. வெளியே வெயில்ல கிடக்குதுங்க."

அம்புஜவல்லிக்குக் கண் கலங்கியது. "இவங்களுக்காக இங்கேயே ஒரு சந்தை போட்டுக் கொடுத்தா என்ன தலைவரே?"

"ஆதரிக்கிறேன்" என்றார் கோட்டைச்சாமி.

பரஞ்சோதி பொட்டலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்து பார்த்தார். தாடையைத் தடவினார். பெருமூச்சு விட்டார்.

"நல்ல யோசனைதான். ஆனா இடம் எங்க இருக்கு? சந்தை போடணும்னா, முதல்ல இங்க உக்காந்து வியாபாரம் பண்ற இத்தனை பேரையும் கிளப்பி விடணுமே!"